இடத்து மாடு

நீ செய்தது துரோகம். அதற்கு வேறு பெயர் வைத்து மெழுக எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் ஒருத்தன் இழுத்த இழுப்பில் சும்மா கூட நடந்து வந்துவிட்டு, அவனை அவிழ்த்துக்கொண்டு போன அன்றைக்கும் நீ கழுத்தை நிமிர்த்தவில்லை. உன்னைத்தான் சொல்கிறேன். இடப்பக்கம், கடைசி விலாவுக்குப் பின்னால், கிட்னியின் தலையில் குல்லாய் மாதிரி கவிழ்ந்து கிடக்கிற சுரப்பி உன்னை. டாக்டரம்மா ஸ்கேன் படத்தில் பேனா வைத்துக் காட்டினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒரு சாம்பல் கீற்று, அவ்வளவுதான். வலப்பக்கம் உன் சோடி இருந்தான். அவன்மேல் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு கட்டி. தை மாசம் அவனையும் கட்டியையும் சேர்த்து எடுத்தார்கள். ஆபரேஷன் சக்சஸ், ஒன்று போனால் என்ன, இன்னொன்று இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் முதுகைத் தட்டி அனுப்பினார்கள். பார்த்துக்கொள்ளும் என்றது உன்னை. நீ பார்த்துக்கொண்ட லட்சணம், இதோ, ஆனி மாசம் பிறந்தும் நான் இந்த ரெக்ஸின் நாற்காலியில் புறங்கையில் ஊசிக்குழாய் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து போக முடியாது. கையை மடக்க முடியாது. எதிர்ச் சுவரில் ஒரு குழந்தை பல் தேய்க்கிற படம், அதைத்தான் பார்க்க வேண்டும். காலையில் விழுங்க வேண்டிய மாத்திரையைக்கூட இன்றைக்கு நிறுத்திவைத்துவிட்டார்கள், நீ தனியாக என்ன செய்கிறாய் பார்க்கலாம் என்று.

நர்ஸ் பெண், எஸ்தர் என்று சட்டையில் எழுதியிருக்கிறது, வந்ததும் முதல் ரத்தம் எடுத்தாள். பிறகு சின்னதாக ஒரு ஊசி, தண்ணீர் மாதிரி மருந்து. "இது எதுக்கும்மா?" என்றேன். "உங்க சுரப்பியத் தட்டி எழுப்புற மருந்துப்பா. இனி அரை மணி கழிச்சி ஒருக்கா, ஒரு மணி ஆனதும் ஒருக்கா ரத்தம் எடுப்போம். அது முழிச்சிருந்தா ரத்தத்துல தெரியும்." அப்பா என்கிறாள். எனக்கு ஐம்பத்துநாலுதான். ஆறு மாசம் முன்னால் என்னை அப்பா என்று கூப்பிட எந்த ஆஸ்பத்திரியிலும் ஆள் கிடையாது, அப்போது என் முகம் பௌர்ணமி மாதிரி இருந்தது. கழுத்துக்குப் பின்னால் திமில். கன்னம் இரண்டும் உப்பி, சிவந்து. சந்தையில் எல்லாரும் என்ன சொன்னார்கள், செங்கோடனுக்குக் காசு முகத்தில் ஏறிவிட்டது என்றார்கள். நானும் நம்பினேன், கண்ணாடியைப் பார்த்து மீசையை முறுக்கினேன். அது காசு இல்லை, கட்டி. கட்டி சுரந்த சுரப்பு. மூன்று மணிக்குத் தூக்கம் கலைந்து, படுக்கப் பிடிக்காமல், லாரியில் மாடு ஏற்றி விடியும் முன்னே சந்தை வாசலில் முதல் ஆளாக நின்றேனே, அதுவும் கட்டி. எல்லாரும் தூங்கும்போது நான் முழித்திருந்ததால் முன்னுக்கு வந்தேன் என்று எத்தனை பேரிடம் மார் தட்டியிருக்கிறேன். அந்த நினைப்பைத் தொட்டாலே வாய் கசக்கிறது. வேண்டாம். வேறு எதையாவது நினை. குழந்தை பல் தேய்க்கிறது. மேலும் கீழுமாகத் தேய்க்க வேண்டுமாம்.

பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை ஒரு அட்டை கொடுத்தார்கள், தீர்ந்தால் போதும் என்றார்கள், தீர்ந்தது, விட்டேன். அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்து நின்றது, கடன்காரன் வாசலில் நிற்கிற மாதிரி. முதலில் மூட்டு. விரல் மூட்டில் யாரோ மணல் கொட்டிவைத்த மாதிரி. எலும்பு டாக்டரிடம் போனேன், தேய்மானம் என்றான். பிறகு குமட்டல், சோற்றைக் கண்டாலே. வயிற்று டாக்டர் குழாயை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, காரம் குறையுங்கள் என்றான். பிறகு தோல் உரிந்தது, உள்ளங்கையெல்லாம் வெங்காயச் சருகு. பிறகு எழுந்து நின்றால் கண் இருட்டும். உப்பு, எங்கே பார்த்தாலும் உப்பு வேண்டும் எனக்கு, ஊறுகாய் ஜாடிக்குள் விரலை விட்டு நக்கிக்கொண்டு நிற்கிறேன், என் பெண்டாட்டி பாவாயி பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போகிறாள். கடைசியாக வந்தது அழுகை. காரணமே இல்லாமல். பால்காரன் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டான், அதற்கு அழுதேன். மனசு டாக்டரிடம் அனுப்பினார்கள். அவன் "ஆபரேஷன் பண்ணவங்களுக்கு இப்படி ஒரு பயம் வர்றதுதான் சார், நல்ல பாட்டாக் கேளுங்க" என்றான். பாட்டு. நான் அவன் மேஜையில் இருந்த கண்ணாடி உருண்டையை எடுத்து எறியப் போனேன். எடுத்தேன். கனமாக இருந்தது. மறுபடியும் வைத்துவிட்டேன். பயம் எனக்கா? முட்ட வருகிற காளையின் மூக்கணாங்கயிற்றை ஓடிப் பிடித்தவன் நான். ஒருத்தன் எலும்பு, ஒருத்தன் வயிறு, ஒருத்தன் மனசு என்று என்னைக் கூறு போட்டுப் பார்த்தார்களே தவிர, ஒரே மாடு இத்தனையும் கத்துகிறது என்று ஒருத்தனும் நினைக்கவில்லை. அதற்குள் பங்குனி போய், சித்திரை போய், ஒருநாள் குளியலறையில் விழுந்து பாவாயி கதவை உடைத்து இழுத்து, அப்புறம்தான் இங்கே, இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில், டாக்டர் ஹசீனா. முப்பது வயசு இருக்குமோ என்னவோ. வாயைத் திறந்து நான் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை கேட்டவள் அவள் ஒருத்திதான். அதனால்தான் அவள்மேல் கோபம் அதிகம். கேட்டுவிட்டாள், பதில் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

அவள் சொன்னது இது. உடம்பு உயிரோடு நிற்க ஒரு சரக்கு வேண்டும், அதை நீயும் உன் சோடியும் செய்துகொண்டிருந்தீர்கள். தலைக்குள் இருந்து தினமும் செய் செய் என்று உத்தரவு வரும். கட்டி வந்தபின் அது யாரையும் கேட்காமல் கொட்டோ கொட்டென்று கொட்டியதால், மேலே இருந்து உத்தரவு நின்றுபோனது. உத்தரவு வராததால் நீ சுருங்கித் தூங்கிவிட்டாய். "இப்போ கட்டி போச்சு, ஆனா இது இன்னும் எந்திரிக்கலைங்கய்யா. அதுவரைக்கும் மாத்திரைதான் உங்களை நிறுத்தி வெச்சிருக்கும்." எப்போ எந்திரிக்கும் என்றேன். "சொல்ல முடியாதுங்கய்யா. ஆறு மாசத்துலயும் ஆகலாம், ரெண்டு வருஷமும் ஆகலாம். சில பேருக்கு அதுக்கு மேலயும்." அதுக்கு மேலயும். அந்த ஒரு சொல்லில் போய் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், முள்வேலியில் வேட்டி மாட்டின மாதிரி, இழுத்தால் கிழியும், இழுக்காவிட்டால் நகர முடியாது. விலையே சொல்லாமல் சரக்கைக் காட்டுகிறவனிடம் எப்படிப் பேரம் பேசுவது. அதிகம் சொன்னால் அடித்துக் குறைக்கலாம். நாள் சொன்னால் நாளைக் குறைக்கலாம். ஒன்றுமே சொல்லாமல் கையை விரித்தால் நான் எங்கே பிடிப்பேன்.

நான் மாட்டுத் தரகன். துண்டுக்குள் கையை விட்டுப் பேசுகிற தொழில். வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் ஒரே துண்டுக்குள் போகும், எந்த விரல், எத்தனை விரல், எவ்வளவு அழுத்தம், அதுதான் விலை. சுற்றி நூறு பேர் நிற்பார்கள், ஒருத்தனுக்கும் தெரியாது. முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது, அதுதான் முதல் பாடம். வாங்கித் தருகிறவனுக்கு இரண்டாம் பாடம், சோடி மாடு என்றால் ஒன்றை மட்டும் தனியாகப் பூட்டி ஓட்டிப் பார்க்காமல் துண்டுக்குள் விரலை விடாதே. ஏனென்றால் வலத்து மாடு நல்ல உழைப்பாளியாக இருந்தால், இடத்து மாடு கூட நடக்கப் பழகிவிடும். நுகம் கழுத்தில் இருக்கும், பாரம் இருக்காது. பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே நடை. தனியாகப் பூட்டினால்தான் தெரியும், நாலடி வைத்து முழங்கால் போட்டுப் படுத்துவிடும். எத்தனை சோடியை அப்படிப் பிரித்து ஓட்டி, எத்தனை பேர் முகத்தைக் கறுக்கவைத்திருக்கிறேன். என்னுடைய சோடியை ஆஸ்பத்திரியில் பிரித்தபோது, ஆபரேஷன் செலவில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று அரை நாள் மல்லுக்கட்டினவன், இன்னொன்றைத் தனியாக ஓட்டிப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களும் பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறார்கள். இதோ, இந்த ஒரு மணி நேரம்தான் உன்னைத் தனியாகப் பூட்டி ஓட்டுகிற ஓட்டம். நட.

பாவாயி பக்கத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "ஏனுங்க, சில்லுன்னு இருக்குதுங்களா, துண்டப் போத்திக்குங்க." வேண்டாம் என்றேன். தோளில் போட்டாள். அதே துண்டுதான், சந்தைத் துண்டு, மாட்டு வாசம் போகாது. முன்பெல்லாம் வேண்டாம் என்று நான் சொன்னால் வேண்டாம்தான், வீடு அதிரும். இப்போது இவள் பாட்டுக்குப் போடுகிறாள். சுகமாகத்தான் இருக்கிறாள் என்று ஒரு எண்ணம் எனக்கு. திட்டு இல்லை, தட்டு பறப்பதில்லை, இரவில் குறட்டை விட்டுத் தூங்குகிறாள். போன வாரம் கேட்டேவிட்டேன். "ஏம்புள்ள, நான் இப்படியே கெடந்தா உனக்கு நிம்மதிதான?" மோருக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள், எனக்காக அள்ளிப் போடுகிற உப்பு. கரண்டியை நிறுத்தாமல் சொன்னாள், "நீங்க திட்டுனா வூட்டுல ஆளிருக்குதுன்னு இருக்கும். இப்ப நீங்க மூச்சு வுடறீங்களான்னு ராத்திரி மூக்குல கைய வெச்சுப் பாத்துட்டுத்தான் தூங்கறனுங்க." அப்படியானால் அந்தக் குறட்டை? கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன், மறுபடியும் அந்தக் கண்ணீர். முதல் பாடமே போய்விட்டது எனக்கு.

எஸ்தர் வந்து இரண்டாவது ரத்தம் எடுத்தாள். எடுக்கும்போது என் விரல்களைப் பிடித்து நீட்டினாள், "என்னப்பா, கை ஐஸ் கட்டியா இருக்கு" என்றாள். இதைத்தான் ஆறுச்சாமியும் கண்டுபிடித்தான். வேண்டாம், அதை நினைக்காதே. நினைக்காதே என்றால் அதுதான் வரும். போன மாசம் மாத்திரை ஆரம்பித்துக் கொஞ்சம் கால் ஊன்றியதும் சந்தைக்குப் போனேன். ஆறுச்சாமி எதிர்த் தரகன், இருபது வருஷமாக அவனுக்கும் எனக்கும் ஆகாது, ஒரு சோடி முடிக்க முக்கால் மணி நேரம் விரலை நொறுக்குவான். துண்டுக்குள் கை போனது. அவன் விலையைச் சொன்னதும் நான் பதில் விரலைப் பிடித்தேன், வேண்டுமென்றே அடிமட்டமாக, அவன் சீறட்டும் என்று. அவன் சீறவில்லை. என் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தான். என் விரலின் சில்லிப்பு அவன் விரலில் ஏறியிருக்கும். பிறகு சரி என்று அழுத்திவிட்டு எடுத்துவிட்டான். நான் கேட்ட விலைக்கே. வாங்கின விவசாயி சந்தோஷத்தில் எனக்கு டீ வாங்கித் தந்தான். டீக்கடை மறைப்புக்கு அந்தப் பக்கம் ஆறுச்சாமி பேசுகிறான், "பாவம், செங்கோடண்ணன் சீக்காளி ஆயிட்டாப்டி. மல்லுக்கட்ட மனசு வல்ல, வுட்டுட்டேன்." டம்ளரைக் கீழே வைத்தேன். எழுந்து அவன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். கோபம் வந்தது, வராமல் இல்லை. வந்து வாசலில் நிற்கிறது, உள்ளே அழைத்துப்போக உடம்பில் ஆள் இல்லை. என் வாழ்நாளில் நான் அடித்த மலிவான பேரம் அதுதான், அதை நினைத்தால் இன்றைக்கும் செத்துவிடலாம் போலிருக்கிறது. ஆடியில் தேர்ச்சந்தை வருகிறது. மாட்டுக்காரன் அத்தனை பேரும் வருவான். ஆறுச்சாமியும் வருவான், என் கையைப் பிடித்துப் பார்க்க.

இதில் இன்னொரு பயம் இருக்கிறது, உன்னிடம் மட்டும் சொல்கிறேன், பாவாயிக்குத் தெரியாது. கட்டி எட்டு வருஷமாக இருந்திருக்கலாம், பத்தும் ஆகலாம் என்றாள் டாக்டரம்மா. நான் பெரிய ஆளானதும் அந்தப் பத்து வருஷத்தில்தான். அப்படியானால் துண்டுக்குள் பேசினது யார்? என் கோபம் கட்டியுடையதா? அதை வெட்டிச் சட்டியில் போட்டுக் கொண்டுபோனார்களே, அதோடு நானும் போய்விட்டேனா, இங்கே உட்கார்ந்திருப்பது மிச்சமா? அதனால் கட்டிக்கு முந்தின கோபம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன், சாட்சிக்கு. ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு வயசில் கயிறு பிடிக்கிற கூலியாக நின்றபோது, ஒரு தரகன் விளையாட்டுக்கு என் கையைத் துண்டுக்குள் இழுத்து விரலைத் திருகினான், அழுகிறேனா பார்க்க. நான் அழவில்லை. துண்டோடு சேர்த்து அவன் கையைக் கடித்தேன். நாலு பேர் சேர்ந்து பிரித்தார்கள், செவிட்டில் விழுந்த அறையில் ஒரு வாரம் காது இரைந்தது. அது நான்தான். அப்போது கட்டி இல்லை. இல்லைதானே? ஸ்கேன் எடுத்தா பார்த்தோம். சரி, அது நான்தான். அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த நாற்காலியில் இருக்கிறேன்.

யாரோ டை கட்டினவன் வரிசையைத் தாண்டி நேரே ரத்தம் எடுக்கிற அறைக்குள் நுழைகிறான். நுனியில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிப் பெண் எழுந்தது எழுந்தபடி நிற்கிறாள். "ஏனப்பா, கண்ணு தெரியுதா இல்ல கழட்டி வெச்சுட்டு வந்தயா?" என்று சத்தம் போட்டேன். என் சத்தம்தான், பழைய சத்தம். அவன் திரும்பிப் பார்த்தான். நான் எழுந்தேன். அவ்வளவுதான், குழந்தையும் பல்லும் சுவரும் ஒன்றாகச் சுழன்று கறுத்து, நாற்காலியில் வந்து விழுந்தேன். பாவாயி என் தோளைத் தாங்கிப் பிடித்தாள். டை கட்டினவன் ஓடி வந்து, "ஐயா, மெதுவா, மெதுவா, தண்ணி குடிங்க" என்கிறான். அவனுக்கும் இரக்கம். தண்ணீரை வாங்கிக் குடித்தேன், வேறு வழி. என் சட்டைப் பையில் ஒரு அட்டை இருக்கிறது, மயங்கி விழுந்தால் இந்த ஊசியைப் போடவும் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது. காதில் தோடு குத்தின மாடு மாதிரி அதோடுதான் வெளியே போக வேண்டும். அவன் வரிசையின் கடைசியில் போய் நின்றான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சத்தம் கேட்டு டாக்டர் ஹசீனாவே வந்துவிட்டாள். எஸ்தர் மூன்றாவது ரத்தம் எடுக்கும்வரை பக்கத்தில் நின்றாள். "இன்னிக்கு மாத்திரை போடலைல்லங்கய்யா, அதான். ரத்தம் எடுத்தாச்சு, இப்பவே போட்டுக்கலாம். ரிசல்ட் சாயங்காலம் வந்துரும்." நான் மாத்திரையை விழுங்கிவிட்டு, பாவாயியை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, சொன்னேன், "ரிசல்ட் வரட்டும் தாயி. உங்க மனசுல ஒரு கணக்கு இருக்கும். எத்தனை மாசம்? வெளிய சொல்ல வேண்டாம், யாருக்கும் தெரிய வேண்டாம். இதுக்குள்ள கைய வுடுங்க, எத்தனையோ அத்தனை விரலைப் பிடிங்க." துண்டை எடுத்து என் வலக்கைமேல் போட்டு நீட்டினேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து துண்டுக்குள் கையை விட்டாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, சத்தியமாக. அவள் விரல் என் விரலைத் தாண்டிப் போனது. மணிக்கட்டில் போய் நின்றது. நாடி பார்க்கிறாள். இரக்கமா என்று அந்தப் பிடியைத் தடவித் தேடினேன், எனக்குத் தெரியாத பிடி இல்லை, அதில் இரக்கம் இல்லை, எண்ணிக்கை இருந்தது. "இப்போ பரவால்ல" என்று கையை எடுத்தாள். "நான் பொய்யா ஒரு நாள் சொல்லலாம்ங்கய்யா. நீங்க அதைப் பிடிச்சுக்கிட்டு ஆடிச் சந்தைக்குப் போயி விழுவீங்க. நாள் சொல்ல வேண்டியது நான் இல்ல. அதுதான்." அது என்று சொல்லும்போது என் இடுப்பைப் பார்த்தாள். உன்னை.

போய்விட்டாள். துண்டு மட்டும் மடியில் கிடக்கிறது. ஆக, எதிர்க் கை அவளும் இல்லை, பெரிய ஆஸ்பத்திரியும் இல்லை, ஆறுச்சாமியும் இல்லை. நீதான். எடுத்தேன் துண்டை. இடுப்பில் போட்டேன். உள்ளே கையை விட்டு விலாவுக்குப் பின்னால், உன்மேல், எட்டின மட்டும் அழுத்தி வைத்திருக்கிறேன். பார்க்கிறவன் கிழவனுக்கு இடுப்பு வலி என்று நினைப்பான், நினைக்கட்டும். பேசலாம் வா. உன்னை யாரும் கூப்பிடவில்லை, அதனால் தூங்கினாய், சரி, அந்த நியாயத்தை ஒத்துக்கொள்கிறேன். கூப்பிடாத இடத்துக்கு நானும் போனதில்லை. ஆனால் இன்றைக்குக் கூப்பிட்டாகிவிட்டது. ஊசி போட்டு, பேர் சொல்லி, என் ரத்தத்துக்குள்ளேயே ஆள் அனுப்பிக் கூப்பிட்டாகிவிட்டது. இனிமேல் காதில் விழவில்லை என்று சொல்லாதே. முதல் விலையை நான் எப்போதும் சொன்னதில்லை, தெரியுமா, எதிராளி வாயைத் திறக்கும்வரை விரலை அசைக்க மாட்டேன். உனக்காகச் சொல்கிறேன். அந்தப் பௌர்ணமி முகம் வேண்டாம். மூன்று மணி முழிப்பு வேண்டாம். அவன் இழுத்த பாரத்தை நீ இழுக்க வேண்டாம், பாதி போதும், பாதியில் பாதி போதும். பாவாயி ராத்திரி என் மூக்கில் கை வைக்காமல் தூங்க வேண்டும். நான் எழுந்தால் நிற்க வேண்டும். துண்டுக்குள் கை போனால் ஆறுச்சாமி என் விரலைத் தொட்டதும் வயிறெரிந்து சீற வேண்டும், முக்கால் மணி நேரம் என்னோடு மல்லுக்கட்ட வேண்டும். இதற்குக் கீழே நான் இறங்க மாட்டேன், இறங்க இடமும் இல்லை. கையை எடுக்கப் போவதில்லை. பாவாயி டீயோடு வருகிறாள், வரட்டும். நீ கெடுத்ததை நீதான் சரி செய்ய வேண்டும். எழுந்திரு. என் விரலைப் பிடி. எத்தனை மாசம், சொல்.